இரண்டு தாத்தாக்களில் ஒருவர்

செப்டம்பர் 4

என் அன்பு மகளுக்கு,

முதலில் என் கையெழுத்தை மன்னித்துவிடு. ஒரு எழுத்து நிற்கிறது, அடுத்தது படுத்துக் கிடக்கிறது. கோடு போட்ட தாள்தான், ஆனாலும் வரி மாடிப்படி மாதிரி கீழே இறங்குகிறது. எழுபத்திரண்டு வயதில் நான் எழுதும் முதல் கடிதம் இது. இதுவரை வருவதற்கே ஒரு காலைப் பொழுது போய்விட்டது.

நான் நலம். பசிக்கிறது, தூக்கம் வருகிறது, காது மட்டும் வழக்கம்போல் விடுமுறையில். நீ, மாப்பிள்ளை, பிள்ளைகள் மூவரும் எப்படி இருக்கிறீர்கள்?

முப்பத்தெட்டு வருடம் மரப்பட்டறையில் ரம்பத்தின் பக்கத்தில் நின்றவனுக்குப் போன் எதற்கு? நீ பேசுவாய், நான் ‘சரிம்மா, சரிம்மா’ என்பேன். எதற்குச் சரி சொன்னேன் என்று வைத்த பிறகு யோசிப்பேன். அதனால்தான் ஆறு மாதமாக யாருக்கும் சொல்லாமல் மாலை வகுப்புக்குப் போனேன். “ஐயா, நாக்கை வெளியே நீட்டாம எழுதுங்க” என்கிறார் டீச்சரம்மா. நாக்கை உள்ளே இழுத்தால் எழுத்து வரமாட்டேன் என்கிறது.

போன கிறிஸ்துமஸை நினைத்து இப்போதும் தனியாகச் சிரிக்கிறேன். பெரியவள் நாடகம் போட்டாளே! “நான்தான் மரியாள், நான்தான் தேவதூதன், நான்தான் டைரக்டர்.” தம்பியை ஆட்டுக்குட்டியாக நிற்கச் சொன்னாள். அவன், “நான் புலி” என்றான். “மாட்டுக் கொட்டகையில ஏதுடா புலி?” “இப்பத்தான் வந்துச்சு!” பாய்ந்த பாய்ச்சலில் கிறிஸ்துமஸ் மரம் சாய்ந்தது. அந்தக் கலவரத்தில் நம் கடைக்குட்டி உருண்டை, மண் பொம்மை ஆட்டின் தலையைக் கடித்து விழுங்கினாள். நீ அவள் வாயில் விரலை விட, அவள் உன் விரலைக் கடிக்க, மாப்பிள்ளை பஞ்சும் கையுமாக ஓடிவந்தார். பல் மருத்துவர் வீட்டிலேயே இந்தக் கதி.

அந்த நேரம் பார்த்து நான் சிவப்பு அங்கி, பஞ்சுத் தாடி, வயிற்றில் இரண்டு தலையணையோடு சமையலறை ஜன்னலில் நுழைந்தேன். கிறிஸ்துமஸ் தாத்தா கதவு வழியாக வரக் கூடாது என்பது பெரியவளின் சட்டம். தலையணைகள் உள்ளே வர மறுத்துவிட்டன. புலி ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்தான். கையுறை அவனோடு போய்விட்டது. ரம்பம் தின்ற என் அரை விரலைப் பார்த்தான். “அக்கா! கிறிஸ்துமஸ் தாத்தா நம்ம தாத்தாதான்!” எனக்கே கேட்டது என்றால் எவ்வளவு சத்தம் போட்டிருப்பான், பார்.

இந்த வருடமும் வருகிறேன். எந்தத் தேதி வரலாம் என்று எழுது. நான் எழுதப் படிக்கக் கற்றதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிடாதே. அவர்கள் கண் முன்னால் மூன்று பேர் பெயரையும் எழுதிக் காட்டி வாயைப் பிளக்க வைக்க வேண்டும்.

எல்லோரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உன் அப்பா, தன் கையாலேயே

*

செப்டம்பர் 27

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உங்கள் நெஞ்சுச் சளி எப்படி இருக்கிறது?

கடிதத்தைப் பார்த்து நான்தான் வாயைப் பிளந்தேன். யாரையோ வைத்து எழுதினீர்கள் என்று நினைத்தேன், பிறகு எழுத்தைப் பார்த்ததும் நம்பினேன். உடனே பதில் எழுத முடியவில்லை. உங்கள் பேரன் மூக்கில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டான். எடுத்து முடித்த மறுநாளே இன்னொரு துவாரத்தில் இன்னொன்று. ஏன்டா என்றால், “ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கட்டும்னு” என்கிறான்.

இனிமேல் என் அலுவலக முகவரிக்கு எழுதுங்கள். கீழே கொடுத்திருக்கிறேன். வீட்டில் தபால் பெட்டியைப் பிள்ளைகள்தான் திறக்கிறார்கள். கிறிஸ்துமஸ் பற்றி நாங்கள் இன்னும் எதுவும் பேசவில்லை.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் மகள்

*

அக்டோபர் 5

என் அன்பு மகளுக்கு,

நான் நலம். உங்கள் எல்லோருக்கும் சுகந்தானே? பையன் மூக்கை இப்போதும் ஒருமுறை பார்த்துவிடு. இரண்டு போட்டவன் மூன்றாவதை வைத்திருப்பான்.

ரகசியம் வெளியே போகக் கூடாதென்று அலுவலக முகவரி கொடுத்தாயே, கெட்டிக்காரி. எனக்கு அது தோன்றவே இல்லை.

இந்த முறை யாரும் என்னைக் கண்டுபிடிக்க முடியாது. பழைய பட்டறையில் ஒரு மரத்துண்டு வாங்கி, அரை விரலுக்கு மீதி விரல் செதுக்கிவிட்டேன். நகம்கூட வைத்திருக்கிறேன். கையுறைக்குள் போட்டால் மாப்பிள்ளையே கைகுலுக்கி ஏமாந்துபோவார். நேற்று போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர், “என்ன பெரியவரே, விரல் வளர்ந்துடுச்சா?” என்றார். “உரம் போட்டேன்” என்றேன். வயிற்றுக்கு ஒரு தலையணை போதும் என்றும் முடிவு செய்திருக்கிறேன்.

தேதி எழுத மறந்துவிட்டாய். பேருந்துக்கு முன்பதிவு செய்ய வேண்டும். உடனே எழுது.

பிள்ளைகளுக்கு முத்தம். சொல்லாமல் கொடு.

உன் அப்பா

*

அக்டோபர் 26

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நலம். நீங்களும் நலமென்று நம்புகிறேன்.

மரவிரல் வேண்டாம் அப்பா. போன வருடம் நீங்கள் ஊருக்குப் போன பிறகு நடந்ததை நான் உங்களிடம் சொல்லவில்லை. போனில் கத்திச் சொல்லும் விஷயம் இல்லை அது.

ஜனவரியில் பள்ளி திறந்ததுமே பெரியவள், “எங்க தாத்தாதான் கிறிஸ்துமஸ் தாத்தா” என்று அறிவித்துவிட்டாள். வகுப்பே அவளிடம் மனுக் கொடுத்தது. ஒருவனுக்குச் சைக்கிள், ஒருத்திக்குக் குதிரைக்குட்டி. இன்னொருவன், “என் தங்கச்சியைத் திருப்பி எடுத்துக்கிட்டுப் போகணும்” என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தான். இவள் எல்லோரிடமும் “பார்க்கலாம், பார்க்கலாம்” என்று சொல்லி அவர்களுடைய தின்பண்டத்தை வாங்கித் தின்றிருக்கிறாள். கடைசியில் ஒரு பையன், “அப்படின்னா கிறிஸ்துமஸ் தாத்தான்னு ஒருத்தரும் கிடையாது. பஞ்சு ஒட்டின கிழவன்தான்” என்று சொல்ல, பாதி வகுப்பு அழுதது. உங்கள் பேரன் அந்தப் பையனின் காதைக் கடித்துவிட்டான். தலைமை ஆசிரியை எங்கள் இருவரையும் சின்ன நாற்காலியில் உட்கார வைத்துப் பேசினார். மூன்று குடும்பம் இன்றுவரை எங்களைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போகிறது.

இப்போது மறுபடி டிசம்பர் வருகிறது. “தாத்தா எப்ப வருவாரு? லிஸ்ட் குடுக்கணும்” என்று தினமும் அரிக்கிறார்கள்.

உங்கள் மாப்பிள்ளை, “ரெண்டு தாத்தால ஒருத்தரைத்தான் வச்சுக்க முடியும்” என்கிறார். அதற்கு ஒரு வழியும் சொல்லியிருக்கிறார். நான் இன்னும் சரியென்று சொல்லவில்லை. இந்த வருடம் மட்டும் வர வேண்டாம் அப்பா.

மாத்திரையை மறக்காதீர்கள்.

உங்கள் மகள்

*

நவம்பர் 3

என் அன்பு மகளுக்கு,

நான் நலம். நீ இளைத்துப் போயிருப்பாய் என்று தோன்றுகிறது. நன்றாகச் சாப்பிடு.

உன் கடிதத்தை மூன்று நாள் படித்தேன். காதைக் கடித்த இடத்தில் எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. டீச்சரம்மா வகுப்பை நிறுத்திவிட்டார். மன்னித்துக்கொள், சிரிக்கும் விஷயமில்லை.

இதற்கு ஏன் இவ்வளவு கவலை? நான் அங்கி இல்லாமல் வெறும் தாத்தாவாக வருகிறேன். மாப்பிள்ளையின் நண்பர் யாராவது சிவப்பு அங்கி போட்டு வரட்டும். நான் அவர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு, பத்து விரலில் இருக்கிற ஒன்பதரையையும் விரித்து வைத்து உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் பார்த்துவிட்டால் யாருக்கும் சந்தேகம் வராது. பள்ளிக்கூடத்துக்கே வேண்டுமானாலும் வந்து உட்காருகிறேன்.

பிள்ளைகளைப் பார்த்து ஒரு வருடம் ஆகப்போகிறது. மூலையில் உட்கார வைத்தாலும் சரி. தேதி மட்டும் எழுது.

உன் அப்பா

*

நவம்பர் 16

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமா? எனக்கு ஒரு வாரமாகத் தலைவலி. மற்றவர்கள் நலம்.

உங்கள் யோசனை நல்ல யோசனைதான். இரண்டு நாள் முன்னால் வந்திருக்கலாம். நீங்கள் எழுதிய கடிதம் திங்கட்கிழமைதான் என் மேசைக்கு வந்தது.

இப்போது முடியாது அப்பா. ஏன் என்று கேட்காதீர்கள். வாழ்த்து அட்டை, போட்டோ எதுவும் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம்.

குளிரில் வெளியே போகாதீர்கள். உடம்பு முக்கியம்.

உங்கள் மகள்

*

நவம்பர் 21

மதிப்பிற்குரிய கிறிஸ்துமஸ் தாத்தா அவர்களுக்கு,

வணக்கம். நாங்கள் நலம். தாங்களும் நலமா? என் பெயர் உங்களுக்கே தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் நீங்கள் கிறிஸ்துமஸ் தாத்தா இல்லை.

எங்கள் தாத்தா செத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா சொன்னார். தூக்கத்திலேயே செத்தாராம், வலிக்கவில்லையாம். நான் அழுதேன். தம்பி, “தாத்தா குடுத்த மர ரயிலைத் திருப்பிக் குடுக்கணுமா?” என்று கேட்டான். வேண்டாம் என்று தெரிந்ததும் அழுகையை நிறுத்திவிட்டான்.

தாத்தா ஊர் ரொம்பத் தூரம். அதனால் அவர் போன வருடம் இங்கே மறந்து விட்டுப்போன செருப்பைத் தோட்டத்தில் புதைத்தோம். நான்தான் பிரசங்கம் செய்தேன். தங்கை செருப்பைத் தோண்டி எடுத்துக் கடித்தாள். மறுபடி புதைத்தோம். அம்மா சமையலறையை விட்டு வெளியே வரவே இல்லை. பிறகு கேக் சாப்பிட்டோம்.

அப்பா சொன்னார்: “தாத்தா போயிட்டாரு. ஆனா பாரு, கிறிஸ்துமஸுக்குப் பரிசு வரும். அப்பக் கிறிஸ்துமஸ் தாத்தா வேற ஆளுன்னு உனக்கே புரியும்.” பரிசை அப்பாவே வைக்கலாம். அதனால் அது எனக்குப் போதாது. தம்பி சரியாகச் சாப்பிடுவதில்லை. எங்கள் தாத்தாதான் நீங்கள் என்றால் இனி உலகத்தில் யாருக்குமே கிறிஸ்துமஸ் கிடையாது, விரலை அவன் பார்த்துவிட்டதால்தான் தாத்தா செத்தார் என்று நினைக்கிறான்.

ஆகவே நான் ஒரு சோதனை கண்டுபிடித்தேன். எங்கள் தாத்தாவுக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாது. எங்கேயும் கைநாட்டுதான் வைப்பார். இந்தக் கடிதத்துக்கு எழுதிப் பதில் வந்தால் நீங்கள் வேறு ஆள். வராவிட்டால் நீங்கள் செத்துவிட்டீர்கள். உங்கள் முகவரி தெரியாததால் தாத்தாவின் முகவரிக்கே அனுப்புகிறேன். அது, ரயில் வந்த பெட்டியில் இருந்தது.

தாத்தாவின் சுத்தியலைத் தம்பிக்குக் கொடுங்கள். பல் செட் எனக்கு.

இப்படிக்கு,
நான்தான்

*

நவம்பர் 30

என் அன்பு மகளுக்கு,

நான் உயிரோடும் நலமாகவும் இருக்கிறேன். இந்த வரியைக் கொஞ்சம் அழுத்தி எழுதியதில் தாள் கிழிந்துவிட்டது. உன் தலைவலி குறைந்ததா?

நீ சொன்னபடி நான் வரவில்லை. ஏன் என்றும் கேட்கவில்லை.

இந்த வாரம் எனக்கு ஒரு பெரிய எழுத்து வேலை வந்துவிட்டது. ஒரே பக்கத்தை ஏழு தடவை எழுதினேன். டீச்சரம்மா எட்டிப் பார்த்து, “யாருக்குய்யா இவ்வளவு பாடு?” என்றார். “பெரிய இடத்து விஷயம்மா” என்று கையால் மறைத்துக்கொண்டேன். எழுதத் தெரிந்ததால்தான் இந்த வேலையைச் செய்ய முடிந்தது. தெரியாமல் இருந்திருந்தால் ஒரு பையன் பட்டினி கிடந்திருப்பான். இத்தனை மாதப் படிப்பு வீண்போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

உங்கள் வீட்டில் நான் விட்டுவிட்டு வந்த செருப்பைத் தேட வேண்டாம். புதிதாக வாங்கிக்கொண்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அப்பா

*

டிசம்பர் 12

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. நலமா என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் கேட்கிறேன். நலமா?

செருப்பைத் தேடவில்லை.

கிறிஸ்துமஸ் தாத்தாவிடமிருந்து பெரியவளுக்குக் கடிதம் வந்திருக்கிறது. மூன்று பேர் பெயரும் பிழையில்லாமல் இருந்தது. அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போகிறாள். பையன் அன்று இரண்டு தட்டுச் சாப்பிட்டான். மறுநாள் பள்ளியில் அந்தப் பழைய பையனிடம் கடிதத்தைக் காட்டிவிட்டு, மிச்சமிருந்த காதையும் கடித்திருக்கிறான். இந்த முறை சந்தோஷத்தில் கடித்தானாம்.

உங்கள் மாப்பிள்ளை கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “என்ன கையெழுத்து இது, குடிகாரன் நடந்துபோன மாதிரி! யாரு எழுதியிருப்பா?” என்றார். “தெரியலை” என்றேன். “எவனா இருந்தா என்ன, நம்ம வேலை முடிஞ்சுது” என்று போய்விட்டார்.

அந்தக் கிறிஸ்துமஸ் தாத்தா இன்னும் ஒரு கடிதம் எழுதினால் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது அப்பா. பெரியவள் மறுபடி எழுதியிருக்கிறாள். தபால் தலையை நான்தான் ஒட்டினேன். படிக்கவில்லை.

வெந்நீர் குடியுங்கள்.

உங்கள் மகள்

*

டிசம்பர் 12

மதிப்பிற்குரிய கிறிஸ்துமஸ் தாத்தா அவர்களுக்கு,

நாங்கள் மிகவும் நலம். தங்களுக்குச் சளி இல்லையே?

நீங்கள் வேறு ஆள் என்று நிரூபித்ததற்கு நன்றி. உங்கள் கையெழுத்துக்கு எங்கள் வகுப்பில் பத்துக்கு மூன்றுதான் கிடைக்கும். உங்களுக்கு வயதாகிவிட்டதால் பரவாயில்லை.

எங்கள் தாத்தா உங்களிடம் பத்திரமாக இருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். நாங்கள் மூவரும் மேசைக்கு அடியில் உட்கார்ந்து பேசினோம். அவரைத் திருப்பி அனுப்ப வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. செத்தவர் ஜன்னல் வழியாக வந்தால் தங்கை பயப்படுவாள். அதோடு, தாத்தா செத்ததற்காக டீச்சர் வகுப்பையே ஒரு நிமிடம் எழுந்து நிற்க வைத்தார். முன்பு என்னோடு பேசாதவர்கள்கூட இப்போது பேசுகிறார்கள். அவர் வந்துவிட்டால் நான் மறுபடி பொய்க்காரி ஆகிவிடுவேன்.

எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். ஆனால் அவர் இனிமேல் வரவே கூடாது. அவருக்குச் சம்மதமா என்று கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
நான்தான்

*

டிசம்பர் 18

என் அன்புக் குழந்தைகள் மூவருக்கும்,

இங்கே எல்லோரும் சுகம். எனக்குச் சளி இல்லை. உங்கள் தாத்தாவும் சுகம்தான், செத்த ஒருவர் எவ்வளவு சுகமாக இருக்க முடியுமோ அவ்வளவு. உங்களுக்குக் காய்ச்சல், இருமல் ஒன்றும் இல்லையே?

மூன்று மதிப்பெண்ணுக்கு நன்றி. இதுவரை எனக்கு யாரும் ஒரு மதிப்பெண்கூடப் போட்டதில்லை. உங்கள் தாளை இங்கே வருகிறவர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் முடிவை அவரிடம் சொன்னேன். முதல் தடவை அவருக்குக் காதில் விழவில்லை. இரண்டாவது தடவை விழாத மாதிரி உட்கார்ந்திருந்தார். மூன்றாவது தடவை சைகையிலேயே காட்டிவிட்டேன். நிறைய நேரம் பார்த்தார். பிறகு சம்மதம் என்று தலையாட்டினார். ஆகவே வரமாட்டார். ஜன்னல் வழியாகவும் வரமாட்டார், கதவு வழியாகவும் வரமாட்டார். தங்கையிடம் சொல்லிவிடுங்கள்.

பல் செட் தர முடியாது. அவருக்கு வேண்டியிருக்கிறது. இங்கே செத்தவர்களும் மூன்று வேளை சாப்பிடுகிறார்கள்.

சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறாரே என்று அவரை வேலைக்கு வைத்துக்கொண்டேன். உங்களுக்கு ஆளுக்கு ஒரு மேளம் செய்து முடித்துவிட்டார். தபாலில் வருகிறது. தோலை நன்றாக இழுத்துக் கட்டியிருக்கிறார், லேசில் கிழியாது. தங்கை கடிப்பதற்கென்று அவளுடைய மேளத்தில் ஒரு ஓரம் தடிமனாக விட்டிருக்கிறார். கிறிஸ்துமஸ் அன்று விடிந்ததும் மூன்று பேரும் அப்பாவின் தலைமாட்டில் நின்று கை ஓயும்வரை அடிக்க வேண்டும். நிறுத்தச் சொன்னால் நிறுத்தக் கூடாது. பிடுங்க வந்தால், “கிறிஸ்துமஸ் தாத்தா சொல்லியிருக்காரு” என்று சொல்லுங்கள். என்னை இல்லை என்று சொல்ல அப்பாவால் முடியாது. தினமும் அடியுங்கள். பழகப் பழகத்தான் வரும்.

அம்மாவுக்குத் தலைவலி என்று கேள்விப்பட்டேன். அம்மா அறைக்குள் வந்தால் மட்டும் கொஞ்சம் மெதுவாக அடிக்கலாம்.

எனக்கு இப்போது எழுதும் வேகம் கூடியிருக்கிறது. இந்தப் பக்கத்துக்கு இரண்டே நாள்தான் ஆனது. இங்கே தாத்தா யாரோடு சண்டை போட்டார், எதற்குச் சிரித்தார், எத்தனை மணிக்கு எழுந்தார் என்று உங்களுக்குத் தெரிய வேண்டாமா? நீங்கள் கேட்காவிட்டாலும், பதில் போட நேரமில்லாவிட்டாலும், அடுத்த வாரம் எழுதுகிறேன்.

கிறிஸ்துமஸ் தாத்தா